அவைக்குறிப்பில் கிள்ளானைத் தேடுவது

ஒரு நாட்டின் அரசையும் அரசியலையும் இணையத்தில் ஆராய உட்காருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். தொகுதியையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள். மலேசிய நாடாளுமன்றத்தின் அவைக்குறிப்பு, அரசிதழ், தேர்தல் முடிவுகள், பழைய நாளிதழ்கள் ஆகியவற்றைக் கிண்டித் தமிழ் இதழ்களுக்கும் மாணவர்களுக்கும் தகவல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கிள்ளானில் என் வீட்டிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பதிப்பகத்தின் மாடி அறையிலுமாக இது நடக்கிறது.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்குக் கிள்ளானே சாட்சி. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் வந்து கேட்டான்: "அக்கா, மாணிக்கவாசகம் ம.இ.கா. தலைவரா இருந்தவருதானே? அப்புறம் எப்படி 2008-ல பிகேஆர்ல நின்னாரு?" அவன் திரையில் பார்த்தது இரண்டு பேரை. வி. மாணிக்கவாசகம் 1959-இல் கிள்ளானில் வென்றவர், அமைச்சர், 1973-இலிருந்து 1979-இல் இறக்கும்வரை ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தேசியத் தலைவர். எஸ். மாணிக்கவாசகம் 2008-இல் பக்கத்துத் தொகுதியான காப்பாரில் பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) சார்பில் வென்றவர். ரோமன் எழுத்தில் முன்னவர் பெயரில் ஒரு 'சி' கூடுதலாக இருக்கும், பின்னவர் பெயரில் இருக்காது. தேடுபொறிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நம் பெயர்களுக்கு முன்னால் டத்தோ, டான்ஸ்ரீ, துன் என்று பட்டங்கள் காலத்துக்குக் காலம் சேர்ந்துகொண்டே போவது இன்னொரு தொல்லை.

அவைக்குறிப்பில் இதற்கு மருந்து இருக்கிறது. இன்றைய பதிவுகளில் பேசுபவரின் பெயருக்கு அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் தொகுதிப் பெயர் வரும். அவையிலும் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'மாண்புமிகு கிள்ளான்', 'மாண்புமிகு காப்பார்' என்றே அழைக்கிறார்கள். ஆகவே தொகுதிப் பெயரைப் போட்டால் அவர் பேசியதும் கிடைக்கும், அவரைப் பற்றி மற்றவர்கள் பேசியதும் கிடைக்கும். 1959 செப்டம்பரில் மக்களவை முதன்முதலாகக் கூடியதிலிருந்து உள்ள குறிப்புகள் நாடாளுமன்றத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்த தமிழர்கள் எத்தனை பேர் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

பழைய பக்கங்களுக்குப் பழைய எழுத்து தெரிந்திருக்க வேண்டும். 1972-இல் மலாய் எழுத்து முறை மாறியது. அதற்கு முந்தைய தாள்களில் 'என்சிக்' (திரு) என்ற சொல் 'என்சே' என்று இருக்கும். 'ரக்யாட்' (மக்கள்) என்ற சொல் நடுவில் ஒரு மேற்குறியோடு வேறு மாதிரி நிற்கும். தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை பற்றித் தேடும் மாணவர்கள் இன்றைய சொல்லை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, நம்மைப் பற்றி யாரும் பேசவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த பங்சாரின் கதையும் இதேதான். அந்தக் காலத்துத் தொகுதிப் பெயரை இன்றைய எழுத்தில் தேடினால் வராது, 'புங்சார்' என்றுதான் தேட வேண்டும். தேடினால் 1959-இல் அங்கே வென்ற தொழிற்சங்கவாதி வி. டேவிட் கிடைப்பார். 1964-இல் வென்ற சி.வி. தேவன் நாயர் கிடைப்பார். சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் அந்தத் தேர்தலில் பிடித்த ஒரே இடம் அதுதான். அந்தத் தேவன் நாயர் 1981-இல் சிங்கப்பூரின் அதிபரானார்.

தொகுதியின் பெயரும் நிலையானதில்லை. 2018-இல் எல்லைகளைத் திருத்தியபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் பெயர்களும் இடம் மாறின. கெலானா ஜெயா சுபாங் ஆனது. அதுவரை சுபாங் என்றிருந்தது சுங்கை பூலோ ஆனது. பெட்டாலிங் ஜெயா உத்தாரா டாமன்சாரா ஆனது. ஆர். சிவராசா 2008 முதல் 2018 வரை சுபாங் உறுப்பினர், பிறகு 2022 வரை சுங்கை பூலோ உறுப்பினர். அவர் தொகுதி தாவியதாக எழுதியவர்கள் உண்டு. தொகுதிதான் பெயர் மாற்றிக்கொண்டது, அவர் அங்கேயே நின்றார். 2013 தேர்தலின் கணக்கைப் பார்த்தால் எல்லைத் திருத்தம் ஏன் அவ்வளவு சூடான விவாதம் என்று புரியும்: காப்பாரில் 1,44,159 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 15,791 பேர். இரண்டுக்கும் தலா ஒரு இடம். காப்பார்க்காரர் ஒருவரின் ஓட்டுக்குப் புத்ராஜெயா ஓட்டின் மதிப்பில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தத் திருத்தத்தை 2018 மார்ச் 28 அன்று மக்களவை 129-க்கு 80 என்ற கணக்கில் ஏற்றது. இந்த எண்கள் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அன்று பிரிவு வாக்கெடுப்பு நடந்ததுதான். 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்டால்தான் அது நடக்கும். மற்றபடி குரல் வாக்கெடுப்புதான்: ஆமென்ற சத்தம், இல்லையென்ற சத்தம், சபாநாயகரின் முடிவு. உங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்பது பெரும்பாலான சட்டங்களில் பதிவாவதே இல்லை. வட ஆப்பிரிக்காவில் துனீசியர்கள் இந்தக் குறையைத் தாங்களே தீர்க்கப் பார்த்தார்கள். 2012-இல் தொடங்கிய அல் பவ்சலா என்ற தன்னார்வ அமைப்பு, 217 பேர் கொண்ட அரசியலமைப்பு அவையில் யார் வந்தார், எதற்கு எப்படி வாக்களித்தார் என்று ஆள் ஆளாகக் குறித்து மர்சத் என்ற தளத்தில் வெளியிட்டது. 2014 ஜனவரியில் புதிய அரசியலமைப்பை 200 பேர் ஆதரித்தார்கள், 12 பேர் எதிர்த்தார்கள். கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு துனீசிய அவையைப் பற்றி எழுத நேர்ந்தபோது, என் சொந்த நாட்டு அவையைவிட அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இருக்கும் பதிவைப் படிப்பது வேலையில் பாதி. பதிவே இல்லாத நாட்களை அடையாளம் காண்பது மறுபாதி. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் குறிப்பிட்ட வேலைகளைச் செய்ய அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். நம் தோட்டங்களில் குடியுரிமை இல்லாததைக் காட்டும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது இடி. வேலை போய், கப்பலேறி, பார்த்தே இராத தஞ்சாவூருக்கும் சேலத்துக்கும் 'திரும்பிப்' போனவர்கள் அவர்கள். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் ஒரு பெரியம்மா, ஒரு மாமா அப்படிப் போன கதை இல்லாத வீடு குறைவு. அவர்கள் கிளம்பிப் போன 1969, 1970 மாதங்களில் நாடாளுமன்றத்தில் நமக்காக யார் பேசினார் என்று பேரப்பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். 1969 மே மாதத்துக்குப் பிறகான பக்கத்தைத் திறந்தால் வெறுமை. அந்த ஆண்டு மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆண்டது. அவை மறுபடி கூடியது 1971 பிப்ரவரியில். நம் மக்கள் மூட்டை கட்டிய அந்தக் காலத்தில், அவர்களுக்காக எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க அவையே இல்லை. 'நம்மவர்கள் வாயைத் திறக்கவில்லை' என்ற பழியைப் புலனத்தில் சுற்றவிடுகிறவர்கள் முதலில் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும். 1968 சட்ட விவாதத்தில் பேசியவர்களையும் பேசாதவர்களையும் கேள்வி கேளுங்கள். அதற்குக் குறிப்பு இருக்கிறது. 1970-இன் மௌனத்துக்கு ஒரு உறுப்பினரைக் குற்றவாளி ஆக்க முடியாது.

அப்படிப்பட்ட இடைவெளிகளில் எனக்குக் கைகொடுப்பது சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்னாக்கி வைத்திருக்கும் பழைய நாளிதழ்த் தொகுப்பு. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அன்று இரு நாட்டுக்கும் பொதுவான பத்திரிகை. கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அந்தத் தொகுப்பில் உண்டு. மலேசியத் தமிழனின் வரலாற்றுக்குச் சிங்கப்பூரின் கதவைத் தட்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் எல்லா ஆண்டு இதழ்களும் அதேபோல எந்த வீட்டுத் திரையிலும் விரிய வேண்டும்.

2021-இலும் ஒரு இடைவெளி வந்தது. ஜனவரியில் மலேசியாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு அவை நின்றது. அந்த ஆண்டு ஜூலை 25 அன்று துனீசிய அதிபர் கைஸ் சையத் தன் நாட்டு நாடாளுமன்றத்தை முடக்கினார். மறுநாள், ஜூலை 26, கோலாலம்பூரில் மக்களவை மாதக்கணக்கான முடக்கத்துக்குப் பின் கூடியது. அன்றைய குறிப்பை எடுத்துப் படியுங்கள். அவசரகாலச் சட்டங்கள் ஜூலை 21 அன்றே ரத்தாகிவிட்டன என்று சட்ட அமைச்சர் தக்கியுடின் அவையில் அறிவிக்கிறார். ஜூலை 29 அன்று, அந்த ரத்துக்கு மாமன்னரின் ஒப்புதல் இல்லை என்று அரண்மனை அறிக்கை விட்டது. பின்னாளில் எழுதப்பட்ட கட்டுரைகள் ஒவ்வொன்றும் இதை ஒவ்வொரு விதமாகச் சாய்த்துச் சொல்லும். அன்றைய நாளின் குறிப்பு சாயாது. அதிலும் ஒரு எச்சரிக்கை: இணையத்தில் ஏறும் குறிப்புகளின் முகப்பில் 'நஸ்கா பெலும் டிசெமாக்', அதாவது சரிபார்க்கப்படாத படி, என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வரியைக் கண்டால், எடுத்த தேதியையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

அரசுத் துறைகளின் பக்கங்கள் இவ்வளவு நாள் நிற்பதில்லை. இந்தியர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கென இருந்த செடிக் 2018-இல் மித்ரா ஆனது. பிறகு அமைச்சு விட்டு அமைச்சு மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் முகவரி மாறும், பழைய கோப்புகளின் இணைப்பு அறுந்துபோகும். கிள்ளான் நகராண்மைக் கழகம் 2024 பிப்ரவரியில் அரச மாநகராட்சியானபோது பெயரும் முகவரியும் மாறின. கண்ணில் பட்ட அன்றே கோப்பை இறக்கி வைப்பதும், இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு நகலைச் சேமிப்பதும் இந்தத் தொழிலின் அன்றாடப் பழக்கங்கள்.

திரையில் இல்லாததை எழுதிக் கேட்கவும் வழி உண்டு, ஆனால் அது நீங்கள் எந்த இடத்து அரசுத் துறையிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிலாங்கூரில் 2011-இலேயே மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. கிள்ளான்வாசி ஊராட்சி மன்றத்துக்கு விண்ணப்பம் எழுதலாம். பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசம், அங்கே அந்தச் சட்டம் செல்லாது. அங்கே இருப்பது 1972-இன் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம்.

சிலாங்கூரில் இருக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் கோவில் நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். ஒரு நிலத்தின் தகுதி, ஒரு வடிகாலின் குத்தகை, ஒரு மானியத்தின் கணக்கு, எதுவாக இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். இன்று இரவு நேரம் கிடைத்தால் நாடாளுமன்றத் தளத்தைத் திறந்து, உங்கள் தொகுதியின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, உங்கள் உறுப்பினர் சென்ற கூட்டத்தில் என்ன கேட்டார் என்று படித்துப் பாருங்கள்.