பெயரெழுதும் கை

கட்டுக்கடங்காது ஓடிவரும் டிராம் வண்டி ஒன்று. அது செல்லும் தண்டவாளத்தில் ஐவர் வேலை செய்துகொண்டிருக்கின்றனர். கிளைத் தண்டவாளத்தில் ஒருவர் மட்டுமே. வண்டியை நிறுத்த இயலாது, திருப்ப இயலும். ஓட்டுபவன் செய்யத்தக்கது யாது? ஆக்ஸ்போர்டு நகரத்துத் தத்துவ அறிஞர் பிலிப்பா பூட் அம்மையார் 1967-இல் எழுதிய கட்டுரையொன்றில் எழுப்பிய வினா இது. யாம் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாளில் இவ்வினா எம் வகுப்பிலும் வைக்கப்பட்டது. ஒன்றினும் ஐந்து பெரிது, ஆதலால் திருப்புக என்றனர் பெரும்பாலோர். கணக்கு முடிந்தது, மணியும் அடித்தது.

எம் நாட்டுத் தமிழர்க்கோ தண்டவாளம் என்பது வெறும் உதாரணம் அன்று. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதையின் நீளம் ஏறக்குறைய 415 கிலோமீட்டர். ஜப்பானியப் படை அதனைக் காட்டையும் மலையையும் பிளந்து இட்டது. சிறைப்பட்ட நேசநாட்டுப் போர்வீரர் சுமார் 60,000 பேர் அதில் உழைத்தனர். அவருள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளரோ 75,000 பேருக்கு மேற்பட்டோர் என்பது போருக்குப் பின் வந்த கணக்கு. அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி புகுந்தபோது, போர்வீரர்க்கேனும் உடன் சிறைப்பட்ட மருத்துவர் இருந்தனர். எம்மவர் முகாம்களிலோ, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்வாரும் அரியராயினர்.

யாம் கெடா மாநிலத்துத் தோட்டமொன்றிற் கிராணியாய் இருக்கின்றோம். விடியுமுன் பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடுவதும், செக்குரோலில் வருகை பதிவதும் எம் அன்றாடப் பணி. இன்று அப்பெயர்களுள் பல இந்தோனேசியருடையவும் வங்காளதேசத்தாருடையவும் ஆகும். ரப்பர் நின்ற இடத்திற் செம்பனை நிற்கின்றது. ஆயினும் மேசை அதே மேசைதான். 1943-இல் இத்தகைய மேசையின் முன் அமர்ந்திருந்தவரிடமே, இத்தனை ஆள் வேண்டும், பெயர் எழுதிக் கொடு என்னும் ஆணை வந்தது. வெள்ளைத் துரைமார் 1941 டிசம்பரிலேயே சிங்கப்பூர் நோக்கிப் போய்விட்டனர். கணக்கும் அறிந்து, ஆட்களின் முகமும் அறிந்தவராய் எஞ்சியவர் கிராணியாரே. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று முதலிற் சொல்லப்பட்டது. ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாகிய காலம் அது. தாமே முன்வந்தோரும் உளர். போனவர் திரும்பாமை கண்டு, முன்வருவார் அற்றனர். பேனாவுக்கு வேலை வந்தது அதன் பின்னரே.

அப்பட்டியல்கள் எழுதப்பட்ட விதத்தைப் பீடோங், கூலிம் பக்கத்து முதியோர் சொல்லச் சிறுவயது முதற் கேட்டிருக்கின்றோம். மணமாகாதாரை முதலில் எழுதுவது ஒரு முறை. பிள்ளைகுட்டிக்காரனை விட்டுவிடலாமே என்னும் இரக்கம், கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் மணமாகாத இளைஞனுக்கும் கஞ்சி காய்ச்சி வைத்துக் காத்திருக்கும் தாய் ஒருத்தி இருந்தாள். தந்தையற்ற தங்கையர் இருந்தனர். அவர்களை அவ்விரக்கம் கணக்கில் எடுக்கவில்லை. மற்றொரு முறை, கள்ளுக்கடைச் சண்டைக்காரனையும், எதிர்த்துப் பேசுபவனையும், என்றோ ஒருநாள் தன் சம்பளக் கணக்கிற் குறை கண்டு கேட்டவனையும் எழுதுவது. தோட்டத்தின் நன்மை என்று இதற்குப் பெயர். இவ்விரு முறையாலும் கிராணியாரின் மைத்துனனோ, தண்டலின் மகனோ சயாம் போனதாக எம்மிடம் எவரும் சொன்னதில்லை.

எழுதியவர் பக்கத்து நியாயத்தையும் கூறல் வேண்டும். மறுத்தால் அடி; அடிக்குப்பின் அப்பேனாவை வேறொருவன் எடுப்பான்; கேட்ட தொகை குறையாது. வழியிற் கண்டாரையெல்லாம் லாரியில் ஏற்றிச் சென்றதும் உண்டு. இவ்வாதத்தை எளிதில் தள்ளுவோர் துப்பாக்கி முனையில் ஒருநாளும் நில்லாதோர்.

அதே போரில், போலந்து நாட்டு வார்சா நகரில் அடைபட்டுக் கிடந்த யூதரின் சபைக்குத் தலைவராயிருந்தவர் ஆதாம் செர்னியாக்கோவ் என்னும் பொறியாளர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரை இரயிலேற்ற வேண்டுமென நாஜிகள் ஆணையிட்டனர். அநாதைக் குழந்தைகளையேனும் விலக்குமாறு அவர் மன்றாடினார், பயனில்லை. 1942 ஜூலை 23-இல் நஞ்சுண்டு மாண்டார். இரயில் நிற்கவில்லை. அவரைப் போற்றினாரும் உளர். மக்களை எச்சரியாது தாம் மட்டும் போய்விட்டாரே என்று அந்நகரிலேயே கசந்து பேசினாரும் உளர். ஆதலின், பேனாவை எறிந்துவிட்டுச் செத்திருக்க வேண்டும் என்று எம் பழைய கிராணியார்க்குத் தீர்ப்பெழுத எமக்குத் துணிவில்லை.

தொகையைக் குறைக்க அவரால் இயலவில்லை என்பதை ஒப்புவோம். ஆனால் அச்சுமை எவர் தலையில் விழுவது என்பது அவர் கையில் இருந்தது. டிராம் வண்டிப் புதிர் மறைப்பது இதனையே. அங்கே ஓட்டுபவன் எவரையும் அறியான். எவர் செத்தாலும் அன்றிரவு அவன் வீட்டில் அடுப்பெரியும். குடும்பத்தின் பொருட்டு ஒருவனையும், ஊரின் பொருட்டு ஒரு குடும்பத்தையும் கைவிடலாம் எனப் பாரதத்தில் விதுரன் உரைக்கும் நீதியும் இவ்வகையதே. கைவிடத்தக்க அவ்வொருவனைத் தேர்பவன் யார், தேர்பவனின் மகனும் அக்கணக்கில் உண்டா என்பதை அந்நீதி பேசவில்லை.

ஏகசக்கர நகரத்துக் கதை ஓரளவு பேசுகின்றது. அங்கே பகாசுரனுக்கு வீட்டுக்கு ஒருவராக முறைவைத்து அனுப்பினர். கதையை நம்பாதார் நம்ப வேண்டா. முறையை மட்டும் நோக்குக. அம்முறையிலும் ஓட்டை உண்டு. பொருளுள்ளவன் வேறோர் ஆளை விலைக்கு வாங்கி அனுப்பலாம், தன்னிடம் அப்பொருளில்லையே என்று முறைவந்த வீட்டுக்காரன் புலம்புகின்றான். குந்தியோ பிறர் மகனைத் தேடாது தன் மகன் பீமனையே அனுப்பினாள். அவன் வலிமையை அறிந்தன்றோ அனுப்பினாள், இதிற் பெருமை என்ன என்று எம் நண்பர் ஒருவர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமே; ஆயினும் தருமனே தாயைக் கடிந்துகொண்டான் என்பதையும் அவர் நினைத்தல் நலம்.

முதியோர் சொல்லும் வேறொரு கிராணியார் உண்டு. அவர் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கினாராம். தம் சீட்டையும், உடன் வசித்த தம்பியின் சீட்டையும் அதே தகரப் பெட்டியில் இட்டாராம். தம்பியின் பெயர் வந்தது. தம்பி மனைவி பிரட்டுக் களத்தில் மண்ணை வாரித் தூற்றினாள். அவன் போனான், மீளவில்லை. தன்னைச் சீட்டிற் சேர்க்க அத்தம்பி இசைந்தானா என்பதை யாம் கேட்ட முதியோர் எவரும் சொன்னதில்லை. அது எமக்கு முள்ளாகவே இருக்கின்றது. அத்தோட்டத்திலிருந்து போய் மாண்டோர் தொகை பக்கத்துத் தோட்டத்தினும் குறைவன்று. ஆனால் ஜப்பானியர் தோற்ற செய்தி வந்தபோது பக்கத்துத் தோட்டத்துக் கிராணியார் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடினார். இவர் வீட்டுத் திண்ணைக்கோ கைம்பெண்கள் வந்து, அவருடைய தம்பி மனைவியோடு அமர்ந்து அழுதனர் என்பர்.

காஞ்சனபுரியிலுள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர் அடங்கியுள்ளனர். வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த தகடுகள். எம் தாய்வழிப் பாட்டியாரின் தந்தையாரும் அத்திசையில் எங்கோ மாண்டவர். யாம் இப்போது வேலை செய்யும் தோட்டமே அவர் பால் வெட்டிய தோட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பாட்டியார், “ஆப்பீசுல பழைய பொஸ்தகமெல்லாம் இருக்குமேய்யா, எங்கப்பா பேரு எதுலயாச்சும் இருக்கான்னு பாரு” என்றார். அலமாரிகளையெல்லாம் திறந்து பார்த்தோம். ஜப்பானியர் காலத்துச் செக்குரோல் ஒன்றும் எஞ்சவில்லை. அவர் பெயர் தாங்கிய தாள் எங்கேனும் ஒன்று கிடக்குமெனின், அஃது அவரை அனுப்பிய பட்டியலாகவே இருக்கும்.