மிதிவண்டி காத்தல்

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே, பாலாற்றை அடுத்து அமைந்த ஊர் மாதனூர். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை அவ்வழியே போகிறது. இரவும் பகலும் பெரிய ஊர்திகள் விரையும் அச்சாலையின் ஓரத்திலும், அதிலிருந்து பிரியும் சிறு சாலைகளிலும் காலைப் பொழுதில் நின்று நோக்கினால், மிதிவண்டியின் மதிப்பு இன்னும் குன்றவில்லை என்பது விளங்கும். சோற்றுத் தூக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தோல் தொழிற்சாலைக்குச் செல்வோர் சிலர். பாற்கேனைப் பின்புறம் கட்டிச் செல்வோர் சிலர். புத்தகப் பையுடன் பள்ளிக்குச் செல்லும் மாணவ மாணவியர் பலர். இவர்களுள் தம் வண்டியைப் பேணுவோர் யார், பேணாதார் யார் என்று அறியக் கண்கூட வேண்டுவதில்லை, காது போதும். பேணாத வண்டியின் சங்கிலி ‘கிறீச், கிறீச்’ என்று தன் குறையைத் தானே சொல்லிக்கொண்டு வரும்.

தமிழ்நாட்டு அரசு 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் விரிந்து, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் பிற மாணவ மாணவியருக்கும் வண்டி கிடைத்தது. ஒரு மணி நேரம் நடந்த வழியை இருபது நிமிடத்தில் கடத்தல் சிறிய உதவியன்று. ஆனால், அந்த வண்டி குறைந்தது ஈராண்டேனும் உழைத்தாக வேண்டும். வண்டி நின்றால், சில வீடுகளில் மகளின் படிப்பும் நின்றுவிடும்.

மாதனூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்திக்கும் அத்தகைய நிலை நேர இருந்தது. அவள் தாய் காலணித் தொழிற்சாலையில் தைப்பவள். புதிய வண்டியின் சங்கிலி சில மாதங்களில் கத்தத் தொடங்கியதும், தாய் வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயை அதன்மேல் தாராளமாக ஊற்றினாள். இரண்டு நாள் வண்டி ஓசையின்றி ஓடியது. பிறகு சங்கிலி முழுதும் கரிய பசை படிந்தது. ஓட்டும்போதே கழன்று விழுந்தது. ஒரு நாள் மாலை, இருள் கவிந்த பின் வண்டியைத் தள்ளிக்கொண்டே மகள் வீடு வந்து சேர்ந்தாள். “இனி இந்த வண்டியும் வேண்டாம், இருட்டில் வருவதும் வேண்டாம்” என்றாள் தாய். அடுத்து என்ன சொல்வாள் என்பதை மகள் அறிவாள்.

மறுநாள் அவள் சாலையோரப் புளியமரத்தடிக்கு வண்டியைத் தள்ளிச் சென்றாள். அங்கே முதியவர் ஒருவர் ஒரு மரப்பெட்டியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கொண்டு சைக்கிள் கடை நடத்தி வந்தார்.

“எண்ணெய் ஊற்றினோம், தாத்தா, அப்படியும் கழன்று கழன்று விழுகிறது.”

“ஊற்றினாய், அம்மா, துடைத்தாயா? சரி, உன் பையில் அடிக்கோல் இருக்கிறதா? எடு, பார்க்கலாம்.”

சங்கிலிக்கும் அடிக்கோலுக்கும் என்ன தொடர்பு என்று அவள் வியந்தாள். சங்கிலி எளிய பொருளாகத் தோன்றினும், நுட்பமான படைப்பு. பக்கத்திற்கொரு தகடு, அவற்றை இணைக்கும் ஊசி, ஊசியைச் சூழ்ந்து சுழலும் உருளை ஆகியவை சேர்ந்த கண்ணிகள் நூற்றுக்கு மேல் அதில் உண்டு. இவ்வகைச் சங்கிலியை 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆன்ஸ் ரெனால்டு என்பவர் உருவாக்கினார். முற்காலத்து மிதிவண்டியில் மிதிகட்டை முன்சக்கரத்திலேயே பொருந்தியிருந்தது. ஆகவே, விரைந்து செல்ல விரும்பியோர் ஆளுயரச் சக்கரத்தின்மேல் ஏறி அமர வேண்டியிருந்தது. 1885-இல் சான் கெம்பு ஸ்டார்லி சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழலவைத்த பிறகே, அஞ்சாமல் ஏறக்கூடிய வண்டி பரவியது.

கண்ணிக்குக் கண்ணி உள்ள இடைவெளி அரை அங்குலம். எனவே இருபத்து நான்கு கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ‘சங்கிலி நீண்டுவிட்டது’ என்று மக்கள் கூறுவர். இரும்பு நீளுவதில்லை, உள்ளிருக்கும் ஊசி தேய்கிறது. ஒவ்வொன்றிலும் மயிரிழை தேய்ந்தாலும் மொத்தத்தில் நீளம் கூடிவிடும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றுதல் நலம். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால், பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். புதுச் சங்கிலி போட்டாலும் அதில் அமராது. ஒரு செலவு இரண்டாகும். மாணவியின் சங்கிலி கோலுக்குச் சரியாக 12 அங்குலமே இருந்தது.

“உயிர் இருக்கிறது, அம்மா, அழுக்குத்தான்” என்றார் முதியவர்.

பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடப்பது. காற்று வீசினால் மணல் பறக்கும். சங்கிலியின் வெளிப்புறத்தில் எண்ணெய் வழிந்தால், அம்மணல் அதிலேயே குடியேறும். எண்ணெயும் மணலும் கலந்த பசை அரம்போல் ஊசியை அராவும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகவும் மாறும். எண்ணெய் வேண்டிய இடம் உருளையின் உள்ளே. வேண்டாத இடம் வெளியே. இவ்வளவே செய்தி. ஆயினும், ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டுவோரும் இதனை அறியாதிருப்பது வியப்பே.

முதியவர் இணைப்புக் கண்ணியின் ‘லாக்’கைக் கழற்றிச் சங்கிலியைத் தட்டில் இட்டார். சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, அவள் கையில் ஒரு பழைய பல்துலக்கியைக் கொடுத்தார். அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இல்லாதவாறு பார்த்துக்கொண்டார். தேய்த்து, துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திய பின், சங்கிலியை மீண்டும் மாட்டினர். லாக்கின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால் எதிலேனும் இடித்துக் கழன்றுவிடும். பிறகு மிதிகட்டையைப் பின்புறமாகச் சுழற்றியவாறே உருளைக்கு ஒரு சொட்டு வீதம் தையல் இயந்திர எண்ணெய் விட்டாள். அது மெல்லிய எண்ணெய். உள்ளே எளிதில் இறங்கும். ஆனால் மழையில் நனைந்தால் மறுபடியும் விட வேண்டும். சற்று நேரம் கழித்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்தாள். பின்சக்கரத்தை இழுத்து முறுக்கியதும், சங்கிலி நடுவில் அரை அங்குலம் மட்டுமே மேலும் கீழும் அசைந்தது.

கரிய மண்ணெண்ணெயை அவள் சாக்கடையில் ஊற்றப் போனாள். முதியவர் தடுத்து, அதைப் புட்டியில் ஊற்றி வைத்தார். அழுக்கு அடியில் தங்கும். தெளிந்தது மறுமுறைக்கு உதவும். தோல் கழிவால் ஆறும் கிணறும் கெட்டு, உச்ச நீதிமன்றம் வரை வழக்குச் சென்று, 1996-இல் தீர்ப்பு வந்த வட்டாரம் இது. புட்டி எண்ணெயாயினும் மண்ணில் ஊற்ற இங்கே மனம் கூசத்தான் வேண்டும்.

அதே தோல், மிதிவண்டிக்கு நன்மையும் செய்கிறது. பல கைப்பம்புகளின் உள்ளே, தண்டின் நுனியில் கிண்ணம்போன்ற தோல் வாஷர் ஒன்று இருக்கும். தண்டை அழுத்தும்போது காற்று அதன் விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும். இழுக்கும்போது விளிம்பு சுருங்கிக் காற்றுக்கு வழிவிடும். தோல் காய்ந்து இறுகினால் கை வலிக்குமேயன்றிக் காற்று ஏறாது. புதுப் பம்பு வாங்க வேண்டுவதில்லை. தண்டை உருவி, தோலில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, விளிம்பை விரலால் விரித்துவிட்டால் போதும்.

காற்று மெல்ல இறங்கினாலும் உடனே பஞ்சர் என்று கொள்ளுதல் கூடாது. வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தால், பழுதிருப்பின் குமிழ் எழும். ‘வால்டியூப்’ என்னும் மெல்லிய ரப்பர்க் குழல் வெயிலில் நைந்திருக்கும்; அதை மாற்றச் செலவு மிகக் குறைவு.

அன்று மாணவி வாங்கியவை ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியும் ஒரு ஸ்பேனருமே. பல அளவுத் துளைகள் ஒன்றாய் அமைந்த மலிவுச் சாவி திருகின் முனைகளை மழுக்கிவிடும் என்று முதியவர் அதைத் தரவில்லை. கைப்பிடியில் தொங்கவிடும் வண்ணக் குஞ்சத்தின்மேல் அவள் கண் சென்றது. அவர் அதற்குப் பதிலாகப் பின் மட்கார்டில் ஒளியை எதிரொளிக்கும் சிவப்பு வில்லையை மாட்டினார். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையோரம் மாலையில் திரும்புகிறவளுக்கு அதுவே அணிகலன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்ற பின், ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வீட்டுத் திண்ணையருகே மூன்று நான்கு மிதிவண்டிகள் நிற்பதைக் காணலாயிற்று. ஒரு நாள் தொழிற்சாலைத் தோழி ஒருத்தியின் பழைய வண்டியைத் தாயே அழைத்து வந்து காட்டினாள். மகள் அடிக்கோலை வைத்து இருபத்து நான்கு கண்ணிகளை எண்ணினாள். நீளம் 12 அங்குலத்தைக் கடந்து எட்டில் ஒரு பங்கில் நின்றது. “அம்மா, இதைத் துடைத்துப் பயனில்லை. பல்லையும் பார்க்க வேண்டும், தாத்தாவிடம் கொண்டு போகலாம்” என்று கூறி, வண்டியைத் தள்ளிக்கொண்டு புளியமரத்தை நோக்கி நடந்தாள்.