துவைக்கிற கல்லோரம் ஒரு பன்னீர் ரோஜா

டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க எங்க வீட்டு ரோஜாவைப் பார்த்துட்டு, "கடையில விக்கிற மாதிரி இல்லையே?"ன்னு கேட்பாங்க. இது பன்னீர் ரோஜாங்க. இதழ் மெல்லிசு, காம்பு குட்டை. ஜாடியில வைக்க ஆகாது. ஓசூர் பக்கம் பசுமைக்குடில்ல வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புறது நீளக் காம்பு ரோஜா. எங்க நிலக்கோட்டை சந்தைக்கு வர்ற பன்னீர் ரோஜா உதிரிப்பூ. எடை போட்டு மாலைக்கு வாங்கிட்டுப் போவாங்க. வெயில் ஏறினா இதழ் கொட்டிடும், அதனால காலையில வெள்ளெனவே பறிச்சாகணும்.

எங்க செடிக்குப் பாத்தியும் கிடையாது, வேலியும் கிடையாது. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவுல நிக்குது. அரிசி கழுவின தண்ணியும், வருஷத்துக்கு ரெண்டு கூடை மக்கின சாணியும்தான் அதுக்கு. புரட்டாசி கடைசியில கவாத்து பண்ணுவேன். அவ்வளவுதான்.

ஒட்டுச்செடியில ஒட்டுக்குக் கீழே கிளம்புற துளிர் காட்டு ரோஜாவா வரும். அதைக் கிள்ளாம விட்டா நல்ல செடியை அமுக்கிடும். எங்க செடி குச்சியில வந்தது. ரெண்டு தடவை ஆடு அடிவரைக்கும் மேஞ்சும், துளிர்த்தது அதே பன்னீர் ரோஜாதான்.

அந்தக் குச்சியை அம்மா பொறந்த வீட்டுல இருந்து கொண்டு வந்தாங்க. அந்த வீடு இப்ப இல்லை. வித்து, இடிச்சும் போட்டாங்க.

போன மழைக்கு அம்மா கொல்லையில சேத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்புல அடி, ஒரு மாசம் படுக்கை. மகன் வந்து, "அப்பா, பூராவும் சிமெண்ட் போட்டுடலாம்"னான். அவன் சொன்னது நியாயம்தான். எனக்குப் பதில் வரலை. அம்மாகிட்ட கேட்டோம். "போடுங்க, ஆனா அதுக்கு மூச்சு விட இடம் விடுங்க"ன்னாங்க.

செடியைச் சுத்தி நாலடிக்கு நாலடி மண்ணை விட்டுட்டு மத்த இடத்துக்குச் சிமெண்ட் போட்டோம். தண்ணி ஓட வாட்டமும் வச்சோம். சுவரைப் புடிச்சுக்கிட்டே போய் அம்மா பூப் பறிக்கிறாங்க.

சிமெண்ட் வேலைக்கு முன்னாடி, ஐப்பசியில பென்சில் கனத்துக்கு நாலு குச்சி வெட்டி நிழல்ல ஊனி வச்சேன். ரெண்டு பிழைச்சுது. ஒண்ணு மகன் வீட்டு மாடிக்குப் போயிருக்கு. நீங்களும் வளர்க்க ஆசைப்பட்டா, நர்சரியில "ஒட்டா, குச்சியா?"ன்னு கேட்டு வாங்குங்க. நல்ல வெயில் படுற இடமா வைங்க.