தருவைகுளத்து 24 டிகிரி

“24 வந்தா பாத்திக்குத் தொறந்து விடு. 29 வந்தா நஞ்சோடைக்கு வெளியேத்து. இதுக்கு மேல உப்பு வெளையவைக்க என்ன படிப்பு வேணும்?”

தருவைகுளத்து உப்பளத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்ன விதி இது. உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீர் போகும் வாய்க்கால்தான் நஞ்சோடை. உப்பைச் சோதித்துச் சான்று எழுதும் ஆய்வகத்தில் அப்போது நான் வேதியியலாளன். மாதிரி எடுக்க அளத்துக்குப் போவது என் வேலையில் ஒரு பகுதி. அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, எங்களிடம் இருந்த உப்புத் தொழில் கையேட்டைத் திறந்தால், சோடியம் குளோரைடு படியத் தொடங்குவது 25.4 டிகிரியில் என்று போட்டிருந்தது. ஒன்றரை டிகிரி வித்தியாசம். கையேட்டை நம்புவதா, அண்ணாச்சியை நம்புவதா? அவர் பாத்தியில் உப்பு நன்றாகத்தான் விளைந்தது. எங்கள் சோதனையிலும் தேறியது. அப்படியானால் அந்த 24 எங்கிருந்து வந்தது, இந்த 25.4 எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில், அளத்தில் ‘டிகிரி’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழலை உப்புநீரில் மிதக்க விடுவார்கள். நீரில் உப்பு ஏற ஏறக் குழல் மேலே எழும்பும். நீர்மட்டம் தொடும் கோட்டில் உள்ள எண்தான் டிகிரி. கடல்நீர் ஏறக்குறைய 3.5 காட்டும். தூத்துக்குடிப் பக்கத்து அளங்கள் பெரும்பாலும் ஆழ்குழாய் வழியே எடுக்கும் நிலத்தடி உப்புநீரை நம்பியவை. அது கடல்நீரைவிடக் கனமானது. அதனால் வெயிலுக்கு வேலை கொஞ்சம் குறையும். தெப்பத்தில் நிறுத்தி, பாத்தி பாத்தியாக நகர்த்தி, காய்ச்சிக் காய்ச்சித்தான் 24-க்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த அளவுகோலை உண்டாக்கியவர் ஒரு மருந்தாளர். அந்த்வான் போமே, 1728-இல் பிரான்சில் பிறந்தவர். 1752-இல் பாரிஸில் மருந்தாளராக அங்கீகாரம் பெற்று, மருந்துக்கடையோடு வேதியியல் வகுப்பும் நடத்தினார். நவச்சாரத்தைத் தொழிற்சாலை அளவில் செய்து விற்றார். காய்ச்சி எடுக்கும் திராவகங்களும் கரைசல்களும் இன்றைக்கு ஒரு வீரியம், நாளைக்கு ஒரு வீரியம் என்று இருந்தால் மருந்து மருந்தாக இராது. யார் கையில் கொடுத்தாலும் ஒரே எண்ணைக் காட்டும் கருவி வேண்டும். அதைத்தான் அவர் 1768-இல் வெளியிட்டார்.

அவர் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தூய நீரில் குழல் நிற்கும் இடத்தில் 0 என்று கோடு போட்டார். 15 பங்கு உப்பையும் 85 பங்கு நீரையும் கலந்து, அதில் குழல் நிற்கும் இடத்தில் 15 என்று இன்னொரு கோடு. இடைப்பட்ட தூரத்தைப் பதினைந்து சம பாகமாகப் பிரித்து, அதே இடைவெளியில் மேற்கொண்டும் கோடுகளை நீட்டினார். அவ்வளவுதான். இந்த அளவுகோல் பிறந்ததே சாப்பாட்டு உப்பிலிருந்து. அமிலத் தொழிற்சாலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் போய், உலகம் முழுக்கச் சுற்றி, மறுபடி உப்புக்கே வந்து தருவைகுளத்துப் பாத்தியில் மிதக்கிறது. இதை அறிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் உப்பு எவ்வளவு தூய்மையானது, கரைசல் என்ன வெப்பத்தில் இருந்தது என்பதெல்லாம் குழல் செய்பவருக்குச் செய்பவர் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போமேயின் பெயரைச் சொல்லி, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல அளவுகோல்கள் சந்தையில் புழங்கின. அதன்பிறகுதான் உப்பை விட்டுவிட்டு, அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் சூத்திரங்கள் வந்தன. அவற்றில் அமெரிக்காவில் நிலைபெற்றது இது: 145-ஐ அடர்த்தியால் வகுத்து, வரும் எண்ணை 145-இலிருந்து கழித்தால் டிகிரி. வெப்பநிலை 60 டிகிரி பாரன்ஹீட், அதாவது 15.6 செல்சியஸ். எங்கள் ஆய்வகக் குழலின் கழுத்திலும் பொடி எழுத்தில் 60 பாரன்ஹீட் என்று அச்சிட்டிருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. அளத்தில் யாரும் அதைப் பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

அடுத்த கேள்வி, 25.4 என்ற எண்ணைக் கண்டுபிடித்தது யார்? அமெரிக்க நில அளவைத் துறையில் வேதியியலாளராக இருந்த எஃப். டபிள்யூ. கிளார்க் 1908-இல் தொகுத்த ‘புவிவேதியியல் தரவுகள்’ நூலில் ஒரு பட்டியல் இருக்கிறது. 1849-இல் உசிலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கி, ஒவ்வொரு நிலையிலும் என்ன படிந்தது என்று நிறுத்து எழுதிய பட்டியல் அது. உப்புத் தொழில் படிக்கும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய பக்கம்.

ஒரு லிட்டர் கடல்நீர் பாதியாகச் சுண்டும்போது இரும்புத் துருவும் சுண்ணாம்பும் சிறிது படிகின்றன. ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டியதும் ஜிப்சம் விழத் தொடங்குகிறது. அந்த லிட்டரிலிருந்து மொத்தம் விழுந்த 1.75 கிராம் ஜிப்சத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிராம், உப்பு ஒரு மணிகூடத் தலைகாட்டுவதற்கு முன்பே கீழே போய்விடுகிறது. 95 மில்லிலிட்டராகச் சுண்டி, அடர்த்தி 1.2138 ஆனபோதுதான் உப்பு வருகிறது. அந்த எண்ணைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 25.5. கையேட்டின் 25.4-க்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. தருவைகுளத்து நிலத்தடி நீரின் சேர்மானம் மத்தியதரைக் கடலுடையது அல்ல. என்றாலும் எது முன்னால், எது பின்னால் விழும் என்ற வரிசை மாறாது. 24-க்கு முன்னால் பாத்தியில் விட்டால் உப்போடு ஜிப்சமும் சேர்ந்து அடியில் தங்கும். அண்ணாச்சி விதியின் முதல் பாதிக்குக் காரணம் இதுதான்.

காரணம் சரி, எண் ஏன் ஒன்றரை குறைகிறது? சித்திரை மாதம் பாத்தி நீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 37 செல்சியஸ். குழல் எதிர்பார்ப்பது 15.6. செறிந்த உப்புநீர் ஒரு செல்சியஸ் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 0.0005 குறையும். இருபது செல்சியஸுக்கு 0.01. அது போமே கணக்கில் சரியாக ஒரு டிகிரி. அளத்தில் 24 காட்டிய நீரைப் பாட்டிலில் அடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குளிரவிட்டுக் குழலைப் போட்டேன். 25-ஐத் தாண்டி நின்றது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத முடியாது.

அண்ணாச்சியிடம் ஓடினேன். வெப்பம், அடர்த்தி என்றெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: “அப்போ காலைல பார்த்தா கூடக் காட்டணுமே?”

“ஆமா அண்ணாச்சி, அரை டிகிரி போலக் கூடும்.”

“அதான் காலைல பார்க்கிறதே இல்ல சார். வெயில் ஏறின பொறகுதான் கொழல எடுப்போம். எங்க ஐயா அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாரு.”

குழலின் கழுத்தில் பாரன்ஹீட்டில் அச்சிட்டிருந்த நிபந்தனையை இவர்கள் தங்கள் வழியில் வைத்திருந்தார்கள். எப்போதும் உச்சி வெயிலில் பார்ப்பதால் வெப்பநிலை ஏறக்குறைய நிலையாகிவிடுகிறது. அதற்கு ஏற்ற எண் 24. மீதி அரை டிகிரிக்கும் அவரே விளக்கம் சொன்னார். உப்பு கட்டத் தொடங்கும் வரை காத்திருந்தால் அது தெப்பத்திலும் வாய்க்காலிலுமே கட்டிக்கொள்ளும், வார முடியாமல் வீணாகும். அதனால் கொஞ்சம் முன்னாலேயே திறந்துவிட வேண்டும். எங்கள் கையேட்டில் இது இல்லை. கையேடு எழுதியவர்கள் இவர் போன்றவர்களிடம் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விதியின் மறுபாதியான 29, உசிலியோவின் பட்டியலில் இன்னும் தெளிவாக இருக்கிறது. நீர் 30 மில்லிலிட்டராகச் சுண்டும்போது அடர்த்தி 1.2570, அதாவது ஏறக்குறைய 29.6 டிகிரி. லிட்டரில் இருந்த 29.7 கிராம் உப்பில் 23.4 கிராம் அதற்குள் விழுந்துவிட்டது. அதுவரை மெக்னீசியம் சல்பேட் விழுந்ததோ மொத்தமே 0.06 கிராம். இன்னும் சுண்டவிட்டால், கடைசி 23 மில்லிலிட்டர் 16 ஆகும்போது அது ஒரேயடியாக அரை கிராமுக்கு மேல் விழுகிறது. மீதமுள்ள ஐந்தில் ஒரு பங்கு உப்புக்கு ஆசைப்பட்டால் கசப்பும் சேர்ந்து வரும்.

அதோடு, வாரிய உப்பின் ஈரத்தில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றில் 33 விழுக்காடு ஈரப்பதம் இருந்தாலே நீரை இழுக்கும். தூய சோடியம் குளோரைடு 75 விழுக்காடு வரை தாங்கும். கடற்கரையில் அடுக்கிய மூட்டை ஏன் ஒழுகுகிறது என்பதற்கு இது போதும்.

இங்கிருந்துதான் தர விதிகள் கிளைக்கின்றன. சாப்பாட்டு உப்பில் உலர்நிலையில் சோடியம் குளோரைடு 96 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நரம்பில் ஏற்றும் 0.9 விழுக்காட்டு சலைனுக்கான உப்புக்கு இந்திய மருந்தியல் நூல் கேட்பது 99.0 முதல் 100.5 வரை. நூறுக்கு மேல் எப்படி என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். வெள்ளி நைட்ரேட் கொண்டு அளக்கும் முறையில் வரும் ஏற்ற இறக்கத்துக்கு விட்ட இடம் அது. காஸ்டிக் சோடா ஆலையின் சவ்வுக் கலங்கள் இன்னும் கண்டிப்பானவை. அங்கே போகும் உப்புநீரில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து நூறு கோடிப் பங்கில் இருபது பங்கைத் தாண்டினால் சவ்வு கெடும். அளத்து உப்பு எதுவும் அப்படியே அங்கே போவதில்லை, கரைத்துச் சுத்திகரிக்கிறார்கள். ஆனால் சுத்திகரிப்பில் எவ்வளவு செலவாகும் என்பதை நஞ்சோடைக்குத் திறந்துவிடும் நாள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

விலை ஏறும் பருவத்தில் 30, 31 வரை பிடித்து வைக்கச் சொல்லி முதலாளிகள் நெருக்குவதுண்டு என்றார் அண்ணாச்சி. உச்சி வெயிலில் காட்டும் 31, என் ஆய்வகக் கணக்கில் 32 என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். வெப்பநிலை வாரியாக என்ன கூட்டிக்கொள்ள வேண்டும் என்று தமிழில் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டபடி 29-க்கு நேரே இருந்த வரிசையைச் சிவப்பு மையில் எழுதினேன்.