ராஜகிரிக்கு இந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் போன் பேச வேண்டுமென்றால் மாடிக்குப் போகணும். மாடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கணும். டவர் செஞ்சி டவுனில் இருக்கிறது. நாங்கள் கோட்டைக்கு மேற்கே, திருவண்ணாமலை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. நடுவில் ராஜகிரி, எண்ணூறு அடிப் பாறை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஆபீஸில் எல்லோரும் வாழ்த்தினார்கள். அப்பாவுக்குச் சொல்லலாமென்று போன் போட்டேன். நாட் ரீச்சபிள்.

நான் சென்னையில் காப்புரிமைகளை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். ஒரு கம்பெனி தன்னிடம் இருக்கிற பேட்டன்ட்களைக் கொண்டுவந்து, இவற்றை மற்றவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தால் எவ்வளவு தேறும் என்று கேட்கும். நாங்கள் படித்துவிட்டு ஒரு தொகை சொல்வோம். பெரும்பாலும் அவர்கள் நினைத்து வந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். சின்ன வயர்லெஸ் கம்பெனி, பெயர் வேண்டாம். இருபது பேர் கூட இல்லை. டவரிலிருந்து தூரமாக, மலைக்கோ தோப்புக்கோ பின்னால் இருக்கிற வீடுகளுக்கு சிக்னல் கொண்டுபோகும் ஒரு பெட்டி செய்திருந்தார்கள். இந்தியாவில் 14 பேட்டன்ட், அமெரிக்காவில் 2. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்த நேரம், அந்தக் கோப்புகளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். தொட்டிக்குக் கிழக்கே நாற்காலி போட்டுப் படித்தேன். முதல் பேட்டன்டில் அவர்கள் விவரித்திருந்த வீடு எங்கள் வீடுதான். மலை மட்டும் அவர்கள் படத்தில் முக்கோணமாக இருந்தது.

இந்த ஆசை தமிழ்நாட்டுக்குப் புதுசில்லை. தொண்ணூறுகளில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெனெட் குழுவும், மைடாஸ் என்ற கம்பெனியோடு சேர்ந்து கார்டெக்ட் செய்தார்கள். ஐரோப்பாவின் டெக்ட் தரத்தை எடுத்து, செம்புக் கம்பி இழுக்காமல் வீட்டுக்குத் தொலைபேசி கொடுக்கும் முறை. நேர்ப்பார்வையில் 10 கிலோமீட்டர் போகும். நடுவில் ஒரு ரிலே வைத்தால் 25. பேசிக்கொண்டிருக்கும்போதே 35 கேபிபிஎஸ் இன்டர்நெட்டும் வரும். இன்றைக்குச் சிரிப்பு வரும், அன்றைக்கு கிராமத்தில் அது பெரிய விஷயம். உற்பத்தியாளர்கள் லைசென்ஸ் வாங்கித் தயாரித்தார்கள். அப்புறம் செல்போன் மலிவாகி வந்தது, கார்டெக்ட் ஓரமாகப் போனது. வேலை செய்யாததால் அல்ல. உலகம் பூராவும் கோடிக்கணக்கில் அச்சாகிற ஒரு சிப்போடு இங்கே ஆயிரக்கணக்கில் செய்கிற பெட்டி விலையில் போட்டி போட முடியாது.

அடுத்த தலைமுறை இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது: பெட்டி செய்தால் போதாது, தர ஆவணத்துக்குள் போய் உட்காரணும். 5ஜி வரும்போது ஐடியு அமைப்பின் கிராமப்புறச் சோதனையில் டவருக்கும் டவருக்கும் 1,732 மீட்டர் இடைவெளி என்று வைத்திருந்தார்கள். எந்த நாட்டு கிராமமோ. இந்தியத் தரப்பு வாதாடி 6 கிலோமீட்டர் இடைவெளியையும் சோதனையில் சேர்க்க வைத்தது. அதற்கேற்ற அலைவடிவத்தை ஐஐடி ஹைதராபாத்திலும் சென்னையிலும் உருவாக்கினார்கள். கைபேசி அனுப்பும் சிக்னலின் உச்சங்களைத் தட்டையாக்கினால், அதே ஆம்ப்ளிஃபயரை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஓட்டலாம், குரல் தூரம் போகும். 5ஜிஐ என்று பெயர் வைத்தார்கள். தனித் தரமென்றால் செலவு கூடும் என்று ஆபரேட்டர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 3ஜிபிபி என்ற உலகக் கூட்டமைப்பின் 17ஆம் வெளியீட்டோடு அதை இணைத்தார்கள். தோல்வி என்று சிலர் எழுதினார்கள். என் தொழிலில் இருந்து பார்த்தால் அதுதான் ஜெயிப்பு. தரத்துக்குள் போன பேட்டன்டை, அந்தத் தரத்தில் போன் செய்கிற யாரும் சுற்றிப் போக முடியாது.

நம் கம்பெனிக்காரர்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போனதே இல்லை. ஒரு வருஷத்தில் பல ஊர்களில், ஒவ்வொன்றும் ஒரு வாரம் நடக்கும் கூட்டங்கள். யார் டிக்கெட் எடுப்பது? ஆனாலும் அவர்கள் முதல் பேட்டன்ட், தரத்தில் பிற்பாடு வந்த ஒரு பகுதிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. மூன்று ராத்திரி இரண்டையும் வரிக்கு வரி வைத்துப் பார்த்தேன். பேட்டன்டில் காசு இருப்பது படத்திலோ விளக்கத்திலோ இல்லை, கடைசியில் எண் போட்டு வருகிற உரிமைக் கோரிக்கைகளில். கோரிக்கையில் சொன்ன ஒவ்வொரு அம்சமும் எதிராளியின் பொருளில் இருக்கணும். ஒன்று குறைந்தாலும் அவன் மீறவில்லை.

முதல் கோரிக்கையில் "கட்டடத்தின் மேல் நிலையாகப் பொருத்தப்பட்ட" என்று ரிலேவைச் சொல்லியிருந்தது. தரத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முதலில் தாக்கல் செய்தபோது அந்த வார்த்தைகளே கிடையாது. வண்டியில் வைக்கும் ரிலே பற்றிய ஒரு பழைய ஆவணத்தைக் காட்டி பரிசோதகர் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார். சீக்கிரம் கிராண்ட் ஆனால் போதுமென்று இந்தச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன், எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த மூன்று நாலு வார்த்தையில் மொத்த வாய்ப்பும் போய்விட்டது. போதாததற்கு இருபது வருஷ ஆயுளில் ஆறுதான் பாக்கி.

அப்பா மாடிக்கு டீ கொண்டுவந்தார். டவுனில் பதினாறு வருஷம் செல்போன் கடை வைத்திருந்தவர்.

"இன்னாம்மா, மூணு நாளா ஒரே பக்கத்தப் பாத்துக்கினு இருக்க?"

லாவா வழக்கைச் சொன்னேன். அவர் கடையில் நிறைய விற்றது லாவாதான். எரிக்சன் தன் பேட்டன்ட்களுக்காக அந்தக் கம்பெனி மேல் 2015இல் வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் 244 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. எட்டு பேட்டன்ட்களில் ஏழு செல்லும், ஒன்று செல்லாது. விற்பனை விலையில் 1.05 சதவீதம் என்று கணக்கு. பேச்சுக்கு, கம்பெனி ஒரு போனை 1,000 ரூபாய்க்கு விற்றால் பத்தரை ரூபாய்.

"எனக்கே ஒரு போனுக்கு நாப்பது ரூபா நின்னா பெருசு," என்றார். "அப்ப ஒம்போது வருசம் கேஸ் நடத்தியிருக்கான்."

"ஆமாப்பா."

அவர் மலையைப் பார்த்தார். செஞ்சிக்காரர்களுக்கு முற்றுகைக் கதை சொல்லித் தரத் தேவையில்லை. ராஜாராம் உள்ளே இருக்க, ஜுல்ஃபிகர் கான் 1690இல் வந்து கீழே உட்கார்ந்தவர், கோட்டை விழ 1698 ஆனது. வெளியே அத்தனை வருஷம் உட்கார அவருக்குப் பின்னால் ஒரு பேரரசின் கஜானா இருந்தது.

"ஒங்க ஆளு எத்தினி நாள் ஒக்காருவாரு?" என்று கேட்டார் அப்பா. அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் ஒரு தனிக் கட்டமே உண்டு. நான் அதில் ஏற்கெனவே 'குறைவு' என்று போட்டிருந்தேன்.

அறிக்கையில் எழுதியது இது: லைசென்ஸ் வருமான வாய்ப்பு சொற்பம். அமெரிக்கக் காப்புரிமை இரண்டையும் வாங்க ஆள் கிடைத்தால் விற்றுவிடுவது நல்லது. இந்தியாவில் இருப்பவற்றில் ஐந்தைத் தவிர மற்றவற்றுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

அனுப்பிய மறுநாள் கம்பெனி நிறுவனர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "மேடம், அந்த 'நிலையாக' வார்த்தை... அத நான்தான் ஓகே பண்ணேன்," என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று சுவரோரம் நகர்ந்தேன். "நீங்க பேசறது விட்டு விட்டு வருதே, எங்க இருக்கீங்க?"

"செஞ்சி சார். கோட்டைக்குப் பின்னாடி."

"அட. மலை நடுவுலயா? எத்தனை கிலோமீட்டர்?" குரலே மாறிவிட்டது. டவர் எந்தப் பக்கம், மாடி எத்தனை அடி, சுற்றிலும் எத்தனை வீடு என்று கேட்டுக்கொண்டே போனார். "அடுத்த ட்ரயலுக்கு உங்க ஊரப் போட்டுக்கறேன் மேடம். நானே வரேன்."

இரண்டு அமெரிக்க பேட்டன்ட்களும் விற்றன. வாங்கியது எதையும் தயாரிக்காத, பேட்டன்ட் மட்டும் வாங்கி வைக்கிற வெளிநாட்டு நிறுவனம். வந்த பணத்தில் அவர் நாலு மாதச் சம்பளம் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். என் கணக்கு சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதேதான் எழுதுவேன். ஆனால் விற்கச் சொன்ன அந்தப் பத்தியை, சிக்னல் கிடைக்காமல் மெயில் மூன்று தடவை திரும்பிவந்து நாலாவது தடவைதான் போனது என்பதை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா இப்போது நன்றாக நடக்கிறாள், மாடிப்படி மட்டும் ஏற மாட்டாள். யாராவது கூப்பிட்டால் அப்பாதான் போனை எடுத்துக்கொண்டு மேலே ஓடி, பேசிவிட்டு, கீழே வந்து அவளுக்குச் சொல்கிறார்.

"அந்தப் பெட்டிக்காரரு வரேன்னாரே," என்றார் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டு. "எப்ப வர்றாராம்?"