அண்ணனோட கால்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல டயாலிசிஸ் செய்யறவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

எங்க தாமான் கோயில் அன்னதானத்துல சாம்பார் பொறுப்பு ஒரு அண்ணனுக்கு. இனிப்புநீர் வந்து சிறுநீரகம் கெட்டுப்போச்சு. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். வியாழக்கிழமை முடிச்சுட்டு, மறுநாள் காலை 6 மணிக்கெல்லாம் அடுப்பு பத்த வைக்க வந்துடுவார்.

போன வருஷம் கார் நிறுத்துற இடத்துலேர்ந்து மடப்பள்ளிக்கு வர்றதுக்குள்ள ரெண்டு தடவை நிப்பார். "கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குதுடா தம்பி, நின்னா சரியாயிடும்"பார். "வயசாயிடுச்சுண்ணே"ன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இன்னிக்கும் என்னைக் குத்துது.

அப்புறம் ஒரு மதியம் வெளிப்பிரகாரத்துல வெறுங்காலோட நடந்ததுல விரலுக்கு அடியில கொப்புளம். சுட்டதே அவருக்குத் தெரியல. நான்தான் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொழச்சுப் போட்டுவிட்டேன். மூணு வாரமாகியும் ஆறல. விரல் கறுத்துப் போச்சு.

மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனேன். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 0.9க்குக் கீழ இருந்தா காலுக்கு ரத்தம் சரியா போகலன்னு அர்த்தமாம். அண்ணனுக்கு 1.4க்கு மேல. "நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"னேன். "இல்லைங்க. ரத்தக்குழாய் சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சு குழாய் இறுகிப்போச்சு. பட்டையைக் கட்டி அழுத்தினாலும் நசுங்கல. அதனாலதான் எண் கூடுதலா காட்டுது"ன்னார். கால்விரல்ல அளந்தப்பதான் உண்மை தெரிஞ்சுது.

சிறுநீரகம் வேலை செய்யலன்னா பாஸ்பரஸ் வெளியே போகாது. டயாலிசிஸும் அதை முழுசா எடுக்காது. ரத்தத்துல அது கூடக்கூட, கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு எலும்புலேர்ந்து கால்சியத்தை இழுக்கும். ரெண்டும் சேர்ந்து ரத்தக்குழாய்ல படியும். எலும்பு மெலியுது, குழாய் கல்லாகுது.

இதுக்குத்தான் பாஸ்பரஸைப் பிடிக்கிற மாத்திரை கொடுக்கிறாங்க. அதைச் சாப்பாட்டோட போட்டாத்தான் சோத்துல இருக்கிறதைப் பிடிக்கும். அண்ணன் என்ன செய்வார் தெரியுமா? எல்லாருக்கும் பரிமாறிட்டு, கடைசிப் பந்தியில சாப்பிட்டுட்டு, ராத்திரி வீட்டுல போய் மொத்தமா போடுவார். நம்ம சேவையில நாமளே அவரைக் கவனிக்கல.

பலூன் வச்சு அடைப்பை எடுத்தாங்க. ரெண்டு விரல் போச்சு. கால் தப்பிச்சுது.

இப்ப அண்ணன் நாற்காலியில உக்காந்து காய் நறுக்குறார். முதல் பந்தியிலேயே அவருக்கு இலை போட்டு, மாத்திரையைக் கையில கொடுக்கிறது என் வேலை. நடக்கிற வழியில பாய் விரிச்சிருக்கோம். அவர் சுத்தமான காலுறையோட பிரகாரம் சுத்த நிர்வாகமும் சரின்னுடுச்சு.

உங்ககிட்ட கேட்டுக்கிறது இவ்வளவுதான். டயாலிசிஸ் செய்யறவங்களோட பாதத்தைத் தினமும் பாருங்க. நடந்தா கெண்டைக்கால் வலி, ஜில்லுன்னு பாதம், ஆறாத புண் எது இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. வெந்நீர் ஒத்தடம், கை வைத்தியம் வேணாம். கோலா, சாசேஜ், நகெட்ல சேர்க்கிற பாஸ்பேட் உடம்புல சுலபமா ஏறிடும், குறைச்சுக்கச் சொல்லுங்க. பஞ்சாமிர்தம், இளநீர்ல பொட்டாசியம் அதிகம், அது இதயத்துக்கே ஆபத்து. பிரசாதம்னு வற்புறுத்தாதீங்க. ஒரு சிட்டிகை திருநீறு போதும், முருகன் கோவிச்சுக்க மாட்டான்.

கால் இருந்தாத்தானே உறவுகளே, கோயிலுக்கு வர முடியும்?