வாக்கு கற்றவரும் வாத்தியம் கற்றவரும்

  கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

"போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை, வாக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை" என்று ஊரில் சொல்வார்கள். வேறு எதற்கும் லாயக்கில்லாதவன்தான் வாத்தியாராகப் போவான் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, நான் பணியில் இருந்தபோது என் காதுபடவே சிரித்தவர்கள் உண்டு. எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தமிழய்யா முதல் வாரமே இதைத் திருத்திச் சொல்லிக் கொடுத்தார். அது 'போக்கு கற்றவனுக்கு', 'வாக்கு கற்றவனுக்கு'. பேச்சில் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது என்பார். எது மூலம் என்று நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. அய்யா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, வைத்துக்கொண்டேன்.

இந்தப் பழமொழியை இப்போது எடுக்கக் காரணம் உங்களில் ஒருவன். மூன்றாவது பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான் என்றால் அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு ஆள் தெரிந்துவிடும். தயவுசெய்து கமெண்ட்டில் பெயரைப் போடாதீர்கள். இருபது வருடமாக டிரம்ஸ்தான் அவன் சோறு. மெல்லிசைக் குழு, திருமண வரவேற்பு, கோயில் திருவிழா, நடுவே சினிமா ரிகார்டிங். கொரோனாவில் எல்லாம் நின்றது. பிறகு கச்சேரி திரும்ப வந்தது, ரிகார்டிங் அவ்வளவாக வரவில்லை. தாளத்தைக் கணினியிலேயே அடித்துக்கொள்கிறார்கள். இந்த நிலையில் ஒரு இசைக் கல்லூரி, சினிமா, ஜாஸ், ராக் எல்லாம் சொல்லித்தரும் இந்தக் காலத்துக் கல்லூரி, அவனை ஆசிரியராகக் கூப்பிட்டிருக்கிறது. மாதச் சம்பளம்.

போனில் அவன் கேட்டது இரண்டே கேள்வி. "டீச்சர், இதுக்குப் போனா மேடை முடிஞ்சுதுன்னு அர்த்தமா?" இன்னொன்று, "நான் உங்க மாதிரி டிரெயினிங் படிக்கலையே, எப்படிச் சொல்லிக் குடுப்பேன்?"

முதல் கேள்வியில் அந்தப் பழமொழிதான் ஒளிந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியை வைத்தே அவனுக்குப் பதில் சொன்னேன். தம்பி மகன் பாஸ்டன் பக்கம் வேலையில் இருப்பதால் அங்கே இரண்டு மாதம் தங்கியிருந்தேன், உறவுகளுக்குத் தெரியும். அந்த ஊரில் பெர்க்லி என்று ஓர் இசைக் கல்லூரி. லாரன்ஸ் பெர்க் என்ற எஞ்சினியர் 1945-இல் வேறொரு பெயரில் தொடங்கியது. அவர் பியானோ வாசிப்பவர், குழுக்களுக்கு இசை எழுதிக் கொடுப்பவர். 1954-இல் தன் பையன் லீ பெர்க் பெயரைச் சற்று மாற்றி 'பெர்க்லி' என்று பள்ளிக்கு வைத்தார். மேல்நாட்டில் இசைப் பள்ளி என்றாலே பாக், பீத்தோவன் என்றிருந்த காலத்தில், இரவு விடுதிகளில் வாசிக்கப்பட்ட ஜாஸைப் பாடமாக வைத்தது இந்தப் பள்ளி. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் படிக்க அரசாங்கம் பணம் கொடுத்தது. அவர்களில் பலர் இங்கே வந்து சேர, பள்ளி வளர்ந்தது.

ஜாஸைச் சொல்லித்தர யாரைப் பிடிப்பது? ராத்திரி அதை வாசித்துச் சம்பாதிப்பவனைத்தான் காலையில் வகுப்புக்குக் கூப்பிட வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் டிரம்ஸ் வாசித்த ஆலன் டாசன். 1957-இல் சேர்ந்து பதினெட்டு வருடம் அங்கே சொல்லிக் கொடுத்தார். ஜாஸ்காரர்கள் பேர் வாங்க நியூயார்க்குக்குப் போவார்கள். இவர் பாஸ்டனிலேயே இருந்துவிட்டார். அதனால் மேடை போய்விட்டதா? டேவ் புரூபெக் என்ற உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞரோடு ஊர் ஊராகப் போய் வாசித்தது, கல்லூரியில் ஆசிரியராக இருந்த அதே காலத்தில்தான். சிறுவனாக இவரிடம் படித்த டோனி வில்லியம்ஸ், 17 வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தான். ஜாஸ் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டாசன் பாடம் நடத்திய விதத்தைப் படித்தபோது, இவரும் எங்களோடு பயிற்சிப் பள்ளியில் இருந்தவரோ என்று தோன்றியது. மிருதங்கத்தில் தா தீ தொம் நம் என்று பாலபாடம் இருப்பது போல டிரம்ஸிலும் அடிப்படைக் கைகள் உண்டு. பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் சமாச்சாரம். டாசன் அவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, கால் இரண்டும் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, கை நிற்காமல் வாசித்து முடிக்கும் ஒரே தொடராக்கினார். இன்னொரு பழக்கம் இதைவிட முக்கியம். மாணவன் பயிற்சியை வாசிக்கும்போதே ஒரு பாட்டின் மெட்டையும் வாய்விட்டுப் பாட வேண்டும். கை நாலு விதமாகப் போனாலும் பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பது மறக்கக்கூடாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்களே, அதுதான் இது. பாட்டு தெரிந்தது, கை தெரியாதது. அவர் எந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தார்? எதிரில் உட்கார்ந்த பையன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்ததுதானே. அவர் 1996-இல் காலமானார். மறு வருடம் அவருடைய மாணவர் ஒருவர் இந்த முறைகளையெல்லாம் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

நம்மவனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டீச்சர், நான் எப்பவுமே மனசுக்குள்ள பாடிட்டுத்தான் வாசிப்பேன், அதைச் சொல்லிக் குடுக்கணும்னு தோணினதில்லை" என்றான். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரிவதில்லை. நன்றாக வாசிப்பவர்களில் பலருக்கு இதுதான் சங்கடம். எப்படி வாசித்தீர்கள் என்று கேட்டால் "அது தானா வரும்" என்பார்கள். தானாக வராத பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பதிலோடு வகுப்புக்குள் போகிறவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் ஆசிரியர் இல்லை என்பேன். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. நமக்கு யோசிக்காமல் வரும் ஒரு வளைவை நாலு கோடாக உடைத்துக் காட்டுவதுதான் வேலை.

அதே சமயம் எங்களிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருப்பதையும் சொல்ல வேண்டும். பெர்க்லிக்கு மாசசூசெட்ஸ் அவென்யூவில் சொந்த அரங்கம் இருக்கிறது. அங்கே ஒரு மாலை ஆசிரியர்கள் வாசித்த கச்சேரிக்குத் தம்பி மகன் கூட்டிப் போனான். எனக்கு அந்த இசை பாதிதான் பிடிபட்டது. கண் முழுக்கச் சபையில்தான் இருந்தது. காலையில் வகுப்பில் "கவனி, கவனி" என்று திட்டு வாங்கிய பிள்ளைகள், இப்போது தங்கள் வாத்தியாரின் கையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் முப்பது வருடம் பரீட்சை வைத்தோம். பிள்ளைகள் முன்னால் ஒருநாளாவது பரீட்சை எழுதினோமா? கணக்கு டீச்சர் தெரியாத கணக்கை எல்லோர் முன்னிலும் போட்டுக் காட்டும் நிலை எங்களுக்கு வரவில்லை. இவர்களுக்கு ஒவ்வொரு கச்சேரியும் அதுதான்.

கேரி பர்ட்டன் என்று ஒருவர். இரண்டு கையிலும் இரண்டிரண்டு கோல் பிடித்து வைப்ரஃபோன் என்னும் உலோகப் பட்டை வாத்தியத்தை வாசித்தவர். அதே கல்லூரியில் படித்து, 1971-இல் ஆசிரியராகச் சேர்ந்து, துணைத் தலைவர் பதவி வரை போனார். அத்தனை வருடமும் இசைத்தட்டும் சுற்றுப்பயணமும் நிற்கவில்லை. பேட் மெத்தனி என்ற கிட்டார் கலைஞர் அங்கே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது வயது 19. மாணவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்களாக இருந்திருப்பார்கள். எதிர்த்திசையில் போனவர் சூசன் ரோஜர்ஸ். வாத்தியக்காரர் இல்லை, ஒலிப்பதிவுப் பொறியாளர். பிரின்ஸ் என்ற பாடகரின் புகழ்பெற்ற 'பர்ப்பிள் ரெய்ன்' ஒலிப்பதிவில் வேலை செய்தவர். நாற்பது வயதுக்கு மேல் அந்தத் தொழிலை விட்டுக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து, டாக்டர் பட்டம் வரை படித்து, பெர்க்லியில் பேராசிரியர் ஆனார். வயதாகிவிட்டது என்று என்னிடம் புலம்பும் பெண்பிள்ளைகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பெயர் அங்கே இல்லாமல் இல்லை. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் பெர்க்லிக்குப் போனவர். 2014-இல் ஏ.ஆர். ரகுமானுக்கு அந்தக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் அதற்கு முன்பே, 2008-இல், சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். ஆனால் கல்லூரி, பட்டம் எதுவும் இல்லாமல் இதே வேலையைச் செய்தவர் சென்னையிலேயே இருந்தார். தன்ராஜ் மாஸ்டர். இளையராஜா மேற்கத்திய இசை படித்தது அவரிடம். ரகுமானும் அவரிடம் படித்தவர்தான். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு நொட்டேஷன் படிக்கச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதரை 'வாக்கத்தவர்' என்று யாராவது சொல்ல முடியுமா?

இத்தனை சொன்னாலும், கண்ணை மூடிக்கொண்டு சேரு என்று அவனிடம் சொல்லவில்லை. வாசிப்பவன் வாத்தியாராவதில் பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டம் உண்டு. மார்கழி, தை என்றால் நல்ல கச்சேரி வரும். வெளிநாட்டுப் பயணம் வரும். அவன் கிளம்பிவிடுவான். விட்டுப்போன வகுப்பை யார் எடுப்பது? கட்டணம் கட்டிய பெற்றோர் கேட்க மாட்டார்களா? அவன் போகாமல் உட்கார்ந்துவிட்டால் இரண்டு வருடத்தில் கையில் துரு ஏறும். பிறகு எதற்காக அவனைக் கூப்பிட்டார்களோ அதுவே போய்விடும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், கச்சேரிக்கு வருடத்தில் எத்தனை நாள் விடுப்பு, விட்ட வகுப்பை எப்போது ஈடு செய்வது, விடுமுறை மாதங்களில் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். மணிக்கணக்கில் கூலி என்றால் யோசிக்கச் சொன்னேன். வெட்கப்பட்டான். கலைஞன் சம்பளம் பேசக்கூடாது என்று யாரோ அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பேசத்தான் வேண்டும்.

பாடக்குறிப்பு எழுதும் முறையை ஒரு தாளில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். நோக்கம், முன்னறிவு, செயல்பாடு, மதிப்பீடு. இதை டிரம்ஸுக்கு எப்படிப் பொருத்துவது என்பது அவன் பாடு.

உங்களில் இசைக் கல்லூரிகளில் படித்தவர்கள், சொல்லிக் கொடுப்பவர்கள் மூன்று நாலு பேராவது இருக்கிறீர்கள். விடுப்பு, சம்பளம் பற்றித் தெரிந்ததை எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள், அவனிடம் சேர்த்துவிடுகிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் அவன் பதில் சொல்ல வேண்டுமாம்.